தபால்காரர் வராத மாசம்

போன வாரம் மெட்ராஸிலிருந்து ஒரு நண்பர் போன் செய்தார். கூடப் படித்தவர். அவருடைய அம்மா எங்கள் பக்கத்து ஊரில் தனியாக இருக்கிறார். "மாசாமாசம் அஞ்சாயிரம் போட்டு விடுறேன்ப்பா. ரேஷன் அரிசி இருக்கு, வீடு சொந்த வீடு, கடன் கிடையாது. ஆனா போன் பண்ணுனா 'வெறுப்பா இருக்குய்யா, கண்ண மூடிட்டாத் தேவல'ன்னுதான் சொல்லுது. காசுதான் அனுப்புறேனே, அப்புறம் என்ன குறை?" என்று கேட்டார்.

அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்க ஆள் வந்து நின்றது, பிறகு பேசுவோம் என்று வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே வந்தது. ஏனென்றால் இதே கேள்வியை நானும் ஒருகாலத்தில் கேட்டிருக்கிறேன், எங்கள் பெரியப்பத்தாவைப் பார்த்து. அதனால் இந்தத் தடவை உரம், மருந்து, விலையெல்லாம் இல்லை. ஊரில் வயசான ஏழைகள் எதை நம்பி உயிர் வாழ்ந்தார்கள் என்கிற பழைய கதை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ஊர் கரிசல் காடு. கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல், மற்றதெல்லாம் மானாவாரி. என் சின்ன வயதில் கம்பு, சோளம், பருத்தி, மல்லி. நிலம் இல்லாத வயசானவர்களுக்கு அன்றைக்குப் பென்சன் என்றால் களம்தான். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கக்கூடாது. கடலை பிடுங்கிய காட்டில் தப்புக்கடலை தோண்டலாம். களத்தில் நெல் தூற்றும்போது ஒரு கிழவி சுளவோடு வந்து நின்றால் இரண்டு கை அள்ளிப் போடாமல் சம்சாரி மூட்டை கட்ட மாட்டான். இடுப்பு வளையாதவர்களுக்கு வத்தல் காம்பு கிள்ளுகிற வேலை, பருத்திக் காவல், பிள்ளை பார்த்துக்கொள்கிற வேலை. கூலியைக் கொத்தாக, அதாவது தானியமாக அளந்து கொடுப்பார்கள்.

இதைச் சொன்னால் பட்டணத்து நண்பர்கள் "அந்தக் காலமே காலம்" என்பார்கள். அப்படி இல்லை. சுளவு நீட்டி நின்றவர்கள் யார், அள்ளிப் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் சாதி தெரியும். மழை பொய்த்த வருசம் சிந்துவதற்குக் கதிரே இருக்காது. சாவடித் திண்ணையில் ஆண்கள் உட்காரலாம், அதிலும் எல்லா ஆண்களும் இல்லை. எங்கள் தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒரு கொடுமை இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்துவிட்ட கிழடுகளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து அனுப்பிவைக்கிற வேலை. 'பாரமாக இருக்கக் கூடாது' என்கிற நினைப்பு அந்த ஊர்க் காற்றிலேயே இருந்தது. வயசானவர்களே அதை நம்பினார்கள். இன்றைக்கு உங்கள் அம்மா சொல்கிற "கண்ண மூடிட்டாத் தேவல" அந்தக் காலத்திலேயே புழங்கிய வாக்கியம்தான்.

அரசாங்கம் வயசான ஏழைக்கு ஏதாவது தரவேண்டும் என்கிற எண்ணம் வெகுகாலம் பஞ்சத்தோடு மட்டும் சேர்ந்திருந்தது. 1876-78 தாது வருசப் பஞ்சத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் எழுதிவைத்த பஞ்ச விதிகளில், மண் வெட்டப் போக முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வேலை வாங்காமல் உதவி கொடுக்கலாம் என்று இருந்தது. பஞ்சம் முடிந்தால் அதுவும் முடிந்துவிடும். பஞ்சமில்லாத நாளிலும் மாசாமாசம் பணம் என்பது 1962 ஏப்ரல் 1-ம் தேதிதான் இங்கே வந்தது. காமராஜர் முதலமைச்சர். மாசம் 20 ரூபாய். யாருக்கு? 'ஆதரவற்ற' முதியோருக்கு.

அந்த ஒரு வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். பணம் வாங்க வேண்டும் என்றால் தனக்கு யாருமில்லை என்று ஒருத்தி காகிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். எங்கள் பக்கம் அதை 'அனாதைப் பணம்' என்றே சொன்னார்கள். மகன் இருக்கிற கிழவிகள் பலபேர் பட்டினி கிடந்தாலும் கிடந்தார்களே ஒழிய, அந்த மனுவைப் போடவில்லை. போட்டால் மகனைச் செத்தவன் என்று எழுதிக்கொடுத்த மாதிரி. வறுமை வயிற்றை மட்டும் தொடுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 1975-ல் ஆதரவற்ற விதவைகளுக்கு, 1981-ல் விவசாயக் கூலிகளுக்கு. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார், அடுத்த வருசமே முதியோர் பென்சன் வாங்குகிறவர்களும் அங்கே மத்தியானம் சாப்பிடலாம் என்றார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அலுமினியத் தட்டோடு ஏழெட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். பதினொரு மணிக்கே வந்துவிடுவார்கள். சோறு வர ஒரு மணி ஆகும். நாங்கள் பிள்ளைகள் கேலி செய்வோம், "சோத்துக்குப் பறக்குதுக" என்று. அவர்கள் சோற்றுக்காகப் பதினொரு மணிக்கு வரவில்லை என்பது எனக்குப் புரிய முப்பது வருசம் ஆனது.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்திதான் பெரியப்பத்தா, எங்கள் அப்பத்தாவுக்கு மூத்தவள். சின்ன வயசிலேயே தாலி அறுத்தவள். ஒரே மகன், திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போனவர். போனவர் அங்கேயே குடும்பமாகிவிட்டார். கெட்டவர் இல்லை, அவருக்கே அங்கே இழுபறி. பெரியப்பத்தாவும் அனாதைப் பணத்துக்கு முதலில் மனுப் போடவில்லை. எங்கள் அப்பாதான் "சர்க்கார் பணம், யாரு வீட்டுக் காசு?" என்று சொல்லிச் சொல்லி எழுதவைத்தார்.

பணம் மணியார்டராக வரும். மாசத்தில் ஒருநாள் தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, "ஆச்சி, கையெழுத்துப் போட வா" என்று கூப்பிடுவார். கைநாட்டைத்தான் அவர் கையெழுத்து என்பார். பெரியப்பத்தா அன்றைக்குத் தலையைச் சீவி, இருப்பதில் வெள்ளையான சேலையைக் கட்டிக்கொண்டிருப்பாள். மோர் இருந்தால் மோர், இல்லையென்றால் நீச்சத்தண்ணி. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லுவார். எந்த ஊரில் எந்தக் கிழவி போய்விட்டாள், யார் மகன் வந்தான், எல்லாம் அவர் மூலமாகத்தான் தெரியும். கிளம்பும்போது அவர் கையில் ஒரு அஞ்சு ரூபாயைத் திணிப்பாள். அதை லஞ்சம் என்று பேப்பரில் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் திணித்தவளின் முகத்தைப் பார்த்தவன் நான். கொடுக்கிற இடத்தில் அவள் நின்ற நாள் மாசத்தில் அது ஒன்றுதான். மிச்சத்தில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கடலைமிட்டாய்.

பிறகு ஊர் மாறியது. கம்பும் சோளமும் போய் மக்காச்சோளம் வந்தது, கோழித் தீவனத்துக்கு. கண்மாய்க்குக் கீழே நெல் அறுக்க மிசின் வந்தது. இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் அறுப்பு மிசினை முதலில் வயலில் இறக்கியது நான்தான். ஆள் கிடைக்கவில்லை, வானம் கருத்திருந்தது, இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பெரியப்பத்தா ஓலைப்பெட்டியோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். மிசின் அறுத்த வயலில் கதிர் கதிராகப் பொறுக்க ஒன்றும் இல்லை, சக்கரம் சேற்றில் அமுக்கிய நெல்தான். "ஒண்ணும் இல்லையே ராசா" என்றாள். வீட்டுக்கு வந்து ஒரு மரக்கால் நெல் அளந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அடுத்த அறுப்புக்கு வயல் பக்கமே வரவில்லை. பொறுக்கினால் அது அவள் சம்பாத்தியம், நான் அளந்து கொடுத்தால் அது பிச்சை. இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பசியைப் பொறுத்தவரை நல்ல காலம்தான் வந்தது, அதை மறைக்கக் கூடாது. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். அதே வருசம் பென்சனும் மாசம் ஆயிரம் ரூபாய் ஆனது. 20 ரூபாய் எங்கே, ஆயிரம் எங்கே! ஆனால் அந்த நேரத்தில்தான் மணியார்டரும் நின்றது. பணம் பேங்க் கணக்குக்குப் போகும், பேங்கின் ஆள் கைரேகை மிசினோடு சாவடிக்கு வருவார், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். இடையில் ஒருத்தர் தின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு, நியாயம்தான். ஆனால் அறுபது வருசம் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பெரியப்பத்தா விரலை அழுத்தி அழுத்திப் பார்ப்பாள், மிசின் மறுக்கும். "அடுத்த மாசம் பார்ப்போம் பாட்டி" என்பார் அந்தப் பையன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் இருந்தது மிசின் மட்டும்தான்.

மூன்று மாசம் பணம் வரவில்லை. பெரியப்பத்தா படுத்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. "உடம்பெல்லாம் உளையுது", "நெஞ்சு படபடங்குது", "தூக்கமே இல்லப்பா". இதுதான் சொன்னாள். டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன், சத்து ஊசி போட்டு அனுப்பினார். மனசைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மனச்சோர்வு என்ற வார்த்தையே கிடையாது. உளைச்சல், படபடப்பு, வெறுப்பு, இவைதான் அதற்கு நாங்கள் வைத்த பெயர்கள்.

பணம் நின்றதால்தான் இப்படி என்று நினைத்து அந்த மூவாயிரத்தை நானே கொடுத்தேன். முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: "காசு கொடுத்தாச்சே அப்பத்தா, இன்னும் என்ன?" அவள் சொன்னது: "தபால்காரத் தம்பி இப்பெல்லாம் வாரதே இல்லையேப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டால் தபால்காரனைச் சொல்கிறாளே என்று. ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. நான் கேட்ட கேள்விக்கு நேரான பதிலைத்தான் அவள் சொல்லியிருக்கிறாள்.

இந்த விசயம் எங்கள் ஊர்க்கதை மட்டும் இல்லை. 2017-18-ல் இந்தியா முழுக்க 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்கள் துணைகளுமாக 72 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்து ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. லாசி என்று சொல்வார்கள். அதில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு, அதாவது பன்னிரண்டில் ஒருவருக்கு, கடுமையான மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால் டாக்டர் இது மனச்சோர்வுதான் என்று சொல்லியிருக்கிறார் என்றவர்கள் 0.8 சதவீதம்தான். பத்தில் ஒருவருக்குத்தான் நோயின் பெயராவது தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் சத்து ஊசிதான்.

இன்னொன்று நம்ம தமிழ்நாட்டிலேயே பார்த்தது. நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து 2023-ல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. இங்கே தனியாக வாழ்கிற 55 வயதுக்கு மேற்பட்டவர்களில் 74 சதவீதம் பேருக்கு லேசான அளவிலாவது மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று வந்தது. நான்கில் மூன்று பேர். வறுமை, துணையை இழந்தது, பெண்ணாக இருப்பது, இந்த மூன்றும் மனச்சோர்வோடு சேர்ந்தே வருகின்றன என்கிறார்கள். மூன்றும் ஒன்றாக இருந்த ஒருத்தியை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, என்ன செய்தால் தேறும்? கோவாவில் செய்துபார்த்த ஒரு வேலை எனக்குப் பிடித்தது. மனச்சோர்வின் ஆரம்ப அறிகுறி இருந்த, அறுபது வயதைக் கடந்த 181 பேர். அதில் 91 பேரிடம், டாக்டர் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஆட்கள் போய்ப் பேசினார்கள். தூக்கத்துக்கு வழி, சர்க்கரை மாதிரி நோயை எப்படிப் பார்த்துக்கொள்வது, இருக்கிற சிக்கலை ஒவ்வொன்றாக எப்படி அவிழ்ப்பது. அதோடு அரசு உதவிகளை வாங்கவும் கூட நின்றார்கள். ஒரு வருசம் கழித்துப் பார்த்தால் அந்த 91 பேரில் 4 பேர்தான் முழு மனச்சோர்வில் விழுந்திருந்தார்கள். மற்ற 90 பேரில் 13 பேர். படித்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பணம் வாங்கித் தருவதும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் இரண்டு தனித்தனி வேலை இல்லை, ஒரே ஆள் செய்யவேண்டிய ஒரே வேலை. எங்கள் தபால்காரர் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

பெரியப்பத்தாவை எழுப்பியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. நூறு நாள் வேலை. அது எல்லா மாவட்டத்துக்கும் 2008-லேயே வந்துவிட்டது. அவளால் மண் அள்ள முடியாது என்று நான்தான் அதுவரை போக வேண்டாம் என்று தடுத்திருந்தேன். ஒருநாள் தெருப் பொம்பளைகள் நாலு பேர் வந்து, "சும்மா வந்து உக்காரு மதினி, பிள்ளைகளுக்குத் தண்ணி மோந்து குடு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். கண்மாய்க் கரையில் கருவேல நிழலில் குடத்தோடு உட்கார்ந்தாள். கூலி அவள் கைக்கு வந்தது. பதினைந்து நாளில் பழைய மாதிரி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். 'வேலை செய்யாமல் கூலி வாங்குகிறார்கள்' என்று நூறு நாள் வேலையைப் பற்றி எங்களைப் போன்ற விவசாயிகள் புலம்புவோம். நானும் புலம்பியவன்தான். அந்தப் பதினைந்து நாளுக்குப் பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஆள் கிடைக்காத கஷ்டம் இன்னும் இருக்கிறது, அது வேறு.

அதற்குப் பிறகு மூன்று வருசம் இருந்தாள். நல்ல சாவு, பேசிக்கொண்டிருக்கும்போதே.

இப்போது பென்சன் 1200 ரூபாய், 2023 ஆகஸ்டிலிருந்து. அதில் டெல்லியின் பங்கு எண்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2006-ல் வைத்த அதே 200 ரூபாய்தான். பதினைந்து வருசத்துக்கு மேல் ஒரு ரூபாய் ஏறவில்லை, ஒரு கிலோ பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2007-ல் சட்டமும் வந்தது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் யாரும் கொடுத்ததில்லை. அனாதைப் பணத்துக்கு மனுப் போடாத அதே காரணம்தான். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரசர், சர்க்கரை மாத்திரையோடு ஒரு பொண்ணு வீடு வீடாக வருகிறது. தெருக் கிழவிகள் அந்தப் பிள்ளைக்காகத் தலை சீவி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். மாத்திரை கொடுத்துவிட்டு ஐந்து நிமிசம் உட்கார அந்தப் பிள்ளைக்கு நேரம் இருந்தால், பழைய தபால்காரர் திரும்பி வந்த மாதிரிதான்.

நேற்று ராத்திரி நண்பரைக் கூப்பிட்டேன். "அஞ்சாயிரத்தை நிறுத்தாதே, காசு இல்லாத இடத்தில் பேச்சும் எடுபடாது. ஆனா அதை அப்படியே பேங்கில் போட்டுவிட்டு முடிந்தது என்று இருக்காதே. யாராவது ஒரு ஆள் கையில் கொடுத்துவிடு, அந்த ஆள் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வரட்டும். உங்கம்மா உன் பிள்ளைக்கு நூறு ரூபாய் கொடுத்தால் 'உனக்கெதுக்கும்மா செலவு' என்று திருப்பிக் கொடுக்காதே. தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, செத்தால் தேவலை என்று தொடர்ந்து சொன்னால் ஊசியோடு விடாதே. அரசாங்கத்தின் 14416-க்குப் போன் போட்டால் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும், முதியோருக்கென்றே 14567 இருக்கிறது" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாரு கையில குடுத்து விடுறது? ஊர்ல எனக்கு இப்ப யாரைத் தெரியும்?" என்றார்.

பக்கத்து ஊர்தான். ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி நான் போய் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். காப்பி வேண்டாம், நீச்சத்தண்ணி இருந்தால் போதும்.